பூட்டு போட்ட கேள்வி

"வலிக்குது, இங்க" என்று ஆரம்பித்த குரல் அதோடு நின்றது. கட்டிலுக்கு எதிரே இருந்த திரை கறுத்துவிட்டது.

பக்கவாதம் கணவரின் கைகால்களையும் நாக்கையும் கட்டிப்போட்ட பிறகு, அவர் கண்ணாலேயேதான் பேசினார். திரையில் அவர் பார்க்கும் எழுத்துகளைக் கோத்து ஒரு மென்பொருள் குரல் கொடுக்கும். இன்று காலை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதுதான் வினை.

தலையா, வயிறா, முதுகா என்று மனைவி தொட்டுத் தொட்டுக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இமைகள் படபடத்தன. அவை அவர் சொல்பேச்சு கேட்டு நாளாயிற்று. நெற்றியில் மட்டும் வியர்வை பொங்கிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, இன்னும் வந்தபாடில்லை. வந்தாலும் அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

அந்த மென்பொருளை ஊதியமில்லாமல் எழுதுகிறவர்களின் இணைய மன்றத்தில் கேள்வியைப் போட்டாள். உடனே பதில் வந்தது: "ஏற்கனவே கேட்கப்பட்டது. தேடிவிட்டுக் கேட்கவும்." கீழே ஒரு இணைப்பு. யாரும் பதில் சேர்க்க வழியில்லாமல் கேள்வியைப் பூட்டிவிட்டார்கள். இணைப்பைத் திறக்கும் நிதானம் அவளுக்கு ஏது? அழாத குறையாக மறுபடி கேட்டாள். இந்த முறை அவளையே மன்றத்தை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்; இனி அங்கே படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

இந்த மரியாதையெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. பக்கவாதத்தில் விழுவதற்கு முன் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். "ஒரே கேள்விய எத்தன தடவ? தேடிப் பாத்தா கை தேஞ்சா போயிடும்?" என்று முணுமுணுத்தபடி, வந்தவர்களின் கேள்விகளைத் தயவுதாட்சண்யமில்லாமல் மூடுவார். மன்றத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பூட்டு'. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் இணைப்பைத் திறந்தாள். பழைய கேள்வி, இதே கோளாறு: புதுப்பித்ததும் திரை கறுத்துவிடுகிறது. கேட்டவர் பெயர் 'பூட்டு'. அதற்குக் கீழே அவரே எழுதியிருந்தார்: "சரியாயிடுச்சு. நன்றி."

எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. வேறு யாரும் எழுத முடியாதபடி அதையும் பூட்டி வைத்திருந்தார்.

"அடப்பாவி மனுஷா, ஒரு வரி எழுதி வெச்சிருக்கக் கூடாதா?"

சொன்ன வேகத்தில் நொந்துபோனாள். அவர் தாடை இறுகியது. வலி ஏறுகிறது போலும். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்கள் அந்தப் பெயரைப் படித்தன. அந்த நன்றியைப் படித்தன. பிறகு மெல்லக் கீழே இறங்கி, அதற்கடுத்த வெள்ளை இடத்தில் நின்றன.

அவள் கை கடுத்தது. அவர் பார்வை அந்த வெற்றிடத்தை விட்டு நகரவே இல்லை.