வியாழக்கிழமைத் தவளைகள்

கொக்கோலா ஊரில் வியாழக்கிழமை என்றால் எல்லார் வீட்டிலும் பட்டாணி சூப். யார்மோவுக்கு அதோடு தவளைகளும் உண்டு. பால் கம்பெனிக் குளிர்கிடங்கில் வேலை முடிந்து வீட்டுக்கு வருவான். டப்பாவை உடைத்து சூப்பைச் சுடவைப்பான், மேலே கொஞ்சம் கடுகு விழுதைப் பிழிந்துகொள்வான், கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்வான். ஆறு மணி அடித்தால் ஹெல்கா வந்துவிடுவாள்.

ஹெல்கா அவன் மனைவியாக இருந்தவள். விவாகரத்தாகிச் சில வருடங்கள் ஆயிற்று. இப்போது தாம்பெரே நகரத்தில் வேறொருவனோடு இருக்கிறாள். வீடு, கார், சோபா என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். இந்த ஆன்லைன் விளையாட்டை மட்டும் பிரிக்க வழியில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து தொடங்கியது அது. அதில் அவன் கேடயக்காரன், அடி வாங்குவது அவன் பாடு. அவள் வைத்தியக்காரி, வாங்கிய அடியை ஆற்றுவது அவள் பாடு. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆடக்கூடாது என்று அன்றைக்கே பேசிவைத்திருந்தார்கள். எத்தனையோ பேச்சு காற்றில் போனது, இது மட்டும் போகவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அது மாட்டு வேலை. சதுப்பு நிலத்தில் கன்றுக்குட்டி அளவுக்குத் தவளைகள் உட்கார்ந்திருக்கும். கல்லை விட்டெறிந்து ஒன்றை மட்டும் இழுத்து வர வேண்டும், அடித்துக் கொல்ல வேண்டும், ஹெல்காவுக்கு மந்திர சக்தி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு அடுத்த தவளை. ஒன்றுக்குத் துளியூண்டு அனுபவப் புள்ளி கிடைக்கும். திரையின் அடியில் இருக்கும் கோடு அப்படியே ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தால் ஒரு லெவல். மற்றவர்களுக்குப் பைத்தியமே பிடித்துவிடும். யார்மோவுக்கோ அந்த உட்கார்ந்திருக்கும் நேரம்தான் வேண்டியிருந்தது. அப்போதுதான் அவள் பேசுவாள். கார் குளிரில் கிளம்பாததைச் சொல்வாள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மற்ற ஆறு நாளும் அவனை ஒரு ஈ காக்கைகூட நலம் விசாரித்ததில்லை.

ஆனால் அந்த லெவல் ஏணிக்கு ஒரு முடிவு உண்டு. அறுபதாவது லெவல்தான் உச்சி. பிரிந்தபோதே ஹெல்கா சொல்லியிருந்தாள், அறுபதைத் தொடும்வரை வருகிறேன் என்று. யார்மோ ஐம்பத்தொன்பதில் இருந்தான்.

என்ன செய்தான் தெரியுமா? செத்தான். அந்த விளையாட்டில் செத்தவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் சேர்த்த புள்ளி போய்விடும். கோடு நிறையப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு தவளைக்குப் பதில் நான்கைக் கிளப்பிவிட்டு, கை தவறிவிட்டது என்பான். தவளைகள் அவனைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தங்கள் சேற்றுக்குத் திரும்பிவிடும். தள்ளி நிற்கும் ஹெல்காவுக்கு ஒன்றும் ஆகாது. ஐம்பதை நெருங்கும் மனிதன், வேண்டுமென்றே தவளை வாயில் போய் விழுகிறான். அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வியாழக்கிழமை இல்லாத வாரத்தை நினைத்தால் பயம் வெட்கத்தை விழுங்கிவிட்டது.

அக்டோபரில் ஹெல்கா தன் லெவல் மற்றவர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டாள். வைத்தியக்காரி என்றால் கண்டவனும் தன் குழுவுக்குக் கூப்பிடுகிறான், தொல்லை தாங்கவில்லை என்றாள். அவனும் சரி என்று விட்டுவிட்டான்.

பிப்ரவரி கடைசி வியாழன். கோடு நிறைய நூலளவுதான் பாக்கி. யார்மோ வழக்கம்போல நான்கு தவளைகளை இழுத்து வந்து செத்து விழுந்தான்.

"சே, கல்லு தப்பாப் பட்டுடுச்சு."

"அப்படியே கெட," என்றாள் ஹெல்கா. "எழுந்திரிக்காத."

திரையில் வெள்ளை வெளிச்சம் பரவியது. அவனுடைய ஆள் எழுந்து நின்றான். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. செத்தவனைப் புள்ளியோடு எழுப்பும் மந்திரம் அறுபதைத் தொட்ட வைத்தியக்காரிக்கு மட்டும்தான் கிடைக்கும்.

"எப்ப தொட்ட?" என்று கேட்டான்.

"அக்டோபர்ல. நீதான் செத்துச் செத்து விழுந்தே. எனக்குப் புள்ளி அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போச்சு."

"அப்புறம் எதுக்கு வந்த?"

அவள் தன் வைத்தியக்காரியை அவன் ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"ஒரு தடவை உன்னைப் பாதியில விட்டுட்டுப் போனவ நான். இதுலயும் அப்படிப் போக மனசு வரல யார்மோ. நீயா முடிப்பேன்னு பார்த்தேன். இத்தனை வருஷமா கல்லெறியிற ஆளு, ஒரு தவளைக்கு நாலை இழுத்துட்டு வந்தா எனக்குத் தெரியாதா, மக்கு?"

பிறகு மற்றதையும் சொன்னாள். தாம்பெரேயில் ஒரு சர்ச் பாடகர் குழு அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பயிற்சி வியாழக்கிழமை ஆறு மணிக்கு. இலையுதிர் காலத்திலிருந்து அவள் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஈஸ்டர் பாட்டுகளை எடுக்கப் போகிறார்கள், அடுத்த வாரமும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். என்னை விட்டுவிடு என்று அவள் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இழுத்தடிக்க இன்னும் வழி இருந்தது. இணையம் போய்விட்டது என்று ஹெட்செட்டைக் கழற்றினால் போதும், பாட்டை விட்டுவிட்டு அடுத்த வியாழனும் வந்து நிற்பாள். வருவாள் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் அவனைச் சுட்டது.

யார்மோ கல்லை எடுத்தான். ஓரத்தில் தனியாக இருந்த தவளையைக் குறிவைத்து எறிந்தான். அது ஒன்று மட்டும் தத்தித் தத்தி வந்தது. அடித்தான், அவள் ஆற்றினாள், தவளை விழுந்தது. அவனுடைய ஆளைச் சுற்றிப் பொன்னிறமாக வெளிச்சம் எழுந்து அடங்கியது.

"வாழ்த்துகள்," என்றாள்.

இனி தேவையே இல்லையென்றாலும், பழக்க தோஷத்தில் அவள் சக்தி ஊறும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலைப் பற்றிக் கேட்டாள். பரவாயில்லை என்றான்.

"நல்லாப் பாடு," என்றான்.

"நீ நல்லாச் சாப்பிடு. டப்பா சூப்பையே குடிச்சுக்கிட்டு இருக்காத."

திரையோரப் பட்டியலில் அவள் பெயர் சாம்பல் நிறமானது, போய்விட்டாள். கிண்ணத்தில் சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். செத்த தவளை அதே இடத்தில் மறுபடி முளைத்து உட்கார்ந்திருந்தது. கை தானாகக் கல்லை எறிந்தது.

ஆற்ற ஆளில்லாமல் தனியாக அடித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. தவளை விழுந்தது. புள்ளி எழும்பும் இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை. கோடு அசையவில்லை. ஒருவேளை கவனிக்கவில்லையோ என்று இன்னொன்றையும் இழுத்து வந்து கொன்றான். அதற்கும் ஒன்றுமில்லை. உச்சியைத் தொட்டவனுக்கு இனி எந்தத் தவளையும் புள்ளி தராது.

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வியாழனும், ஒவ்வொரு தவளைக்கும், ஹெல்கா பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். யார்மோ ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.