பெரியம்மாவின் சுவர்

ஆற்றுப்பாலத்தை ஒட்டிய பாட்டில் தொழிற்சாலையில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டப்பட்ட பெரிய உலை, இந்த ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை காலை அணைக்கப்பட்டது. இடையில் ஒரு நாள்கூட அது அணைந்ததில்லை.

கண்ணாடி உருக்கும் உலையை நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது மூட்ட முடியாது. நடுவில் ஆறவிட்டால் உள்ளே கண்ணாடி பாறையாக உறைந்து, சுவரையும் பிளந்துவிடும். அதனால் இரவு பகல், விடுமுறை என்றெல்லாம் பார்க்காமல் எரித்துக்கொண்டே இருப்பார்கள். சுவர் தேய்ந்து இனித் தாங்காது என்று ஆன பிறகுதான் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். தொழிலாளர்கள் அந்த உலையைப் பெரியம்மா என்று அழைத்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் மருந்து பாட்டிலுக்காக எரியும் சின்ன உலை, சித்தி. பெரியம்மாவுக்கு எந்நேரமும் பசி. மணலும் சோடாச் சாம்பலும் சுண்ணாம்பும் உடைந்த கண்ணாடியும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் அன்றைய பாட்டில் முழுக்கக் குமிழியாக வந்து, கோபத்தைக் காட்டிவிடுவாள்.

அன்று காலை வேலை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். அடியில் துளை போட்டதும் நெருப்புக் குழம்பு வெளியே வந்தது. பீறிட்டு அடிக்கும் என்று பின்வாங்கியவர்கள் மெல்ல முன்னே நகர்ந்தார்கள். அது தேன்போல நிதானமாக, யாருக்கும் அவசரப்படாத ஒன்றின் நடையில் இறங்கியது. நேரே பார்க்கக் கண் கூசியது. தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விழுந்ததும் சீறி, நொறுங்கி, கற்கண்டு போலக் குவிந்தது. வாயைத் திறந்தால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பதால் ‘குழாய்’ என்று பெயர் வாங்கிய உலைத் தொழிலாளிகூட அன்று பேசவில்லை. கடைசியாக, எண்ணெய் எரிக்கும் பர்னர்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது ஒரு சத்தம் என்பதே அது நின்றபோதுதான் பலருக்கும் தெரிந்தது.

தொழிற்சாலைச் சுவருக்கு எதிரே உள்ள குடியிருப்பில் தொழிலாளர் சங்கச் செயலாளரின் வீடு. அவளுக்குப் பாட்டில் பரிசோதனைப் பிரிவில் வேலை. வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பவள். அவள் வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, எனக்குக் காது போயிடுச்சா?”

“காது எங்கயும் போகல அத்தை. பெரியம்மாவை நிறுத்திட்டாங்க.”

“திரும்ப ஓடுமா, ஓடாதா?”

“அறுபது நாள்ல ஓடும்.”

அந்த அறுபது நாள் அவள் வாங்கிக் கொடுத்த உறுதி. பழைய அமைப்பிலேயே கட்டி அறுபது நாளில் மூட்டுவது, அதுவரை எல்லாருக்கும் அரைச் சம்பளம் என்று நிர்வாகத்திடம் பேசி முடித்து, வாசல் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியிருந்தாள். அவள் கணவனும் உலைத் தொழிலாளிதான். வீட்டில் இரண்டு அரைச் சம்பளம் சேர்ந்தால் ஒரு முழுச் சம்பளம் ஆகிவிடும் என்று அவன் கேலி செய்தான். தனி ஆளாகச் சம்பாதிக்கிற வீடுகள்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தன.

உலை அணைந்த மூன்றாம் நாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உலைப் பொறியாளர் வேறு மாதிரி உலை ஒன்றின் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். எண்ணெயை மட்டும் நம்பாமல், பாதி வேலைக்கு அடியிலிருந்து மின்சாரம் பாய்ச்சி உருக்குவது. புகைக்கூண்டு வழியே வீணாகப் போகிற சூட்டைத் திருப்பி, மணலைச் சூடாக்கி உள்ளே அனுப்புவது. எண்ணெய்ச் செலவு பாதியாகும், புகையும் பாதியாகும். ஆனால் கட்டி முடிக்க இன்னும் நாற்பது நாள் கூடுதலாகும். சங்கம் ஒப்புக்கொண்டால் முதலாளி சரி சொல்வார் என்றார் மேலாளர். ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய உலையே.

அவள் முடியாது என்றாள். மின்சாரம் மட்டும் எங்கிருந்து வருகிறது, அங்கேயும் நிலக்கரிதானே எரிகிறது என்று கேட்டாள். பாதி அப்படித்தான் என்று பொறியாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் மின்சாரம் வருடத்துக்கு வருடம் காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் மாறிக்கொண்டிருக்கிறது, எண்ணெய் என்றைக்கும் எண்ணெய்தான் என்றார்.

“நம்ம ஒரு புகைக்கூண்டை மாத்திட்டா உலகம் குளிர்ந்துடுமா சார்?”

“குளிராது.”

அவர் மேலே ஏதாவது சொல்வார், அதற்குப் பதில் கொடுக்கலாம் என்று காத்திருந்தாள். அவர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

வெளியே வரும்போது முற்றத்துச் சுவரில் இருந்த கறை கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஆறு உள்ளே வந்து நின்ற உயரம் அது. பாட்டில் பெட்டிகள் வாத்துக் கூட்டம்போல மிதந்தன. மூன்று வாரம் ஒரு லாரிகூட வெளியே போகவில்லை. போன கோடையில் பொதி கட்டும் கொட்டகையில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். அதையெல்லாம் மழை, வெயில் என்று சொல்லிக் கடந்து வந்தாயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் எந்தச் சங்கம் மனுக் கொடுக்க முடியும்?

உலை முழுவதும் ஆறியதும் இடிப்பு வேலை தொடங்க வேண்டும். ஆட்களை உள்ளே அனுப்புமுன் சங்கத்தின் சார்பில் ஒருவர் போய்ப் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஆள் நுழையும் அளவுக்குச் சுவரை வெட்டியிருந்தார்கள். பொறியாளருக்குப் பின்னால் அவளும் குனிந்து உள்ளே போனாள்.

நிமிர்ந்தபோது தலைக்கவசத்தைக் கழற்றிவிட வேண்டும் போலிருந்தது.

பதினோரு வருடமாக இதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இரும்புச் சட்டங்களும் குழாய்களும் கரி படிந்த செங்கல்லும்தான். உள்ளே இவ்வளவு பெரிய கூடம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கூரை தலைக்கு மேல் வில்லாக வளைந்து இருட்டுக்குள் போனது. கல்லும் கண்ணாடியும் சேர்ந்து வடிந்த விழுதுகள் அதிலிருந்து தொங்கின. சுவரெல்லாம் பளபளத்தது, எரிந்து எரிந்து செங்கல்லே கண்ணாடியாகியிருந்தது. பாட்டிலில் நிறமே தெரியாத அவர்களுடைய கண்ணாடி, மூலைகளில் கனத்துத் தேங்கி உறைந்த இடத்தில் ஆழக்கடல் பச்சையாக இருந்தது. டார்ச் ஒளி பட்டதும் அந்தப் பச்சை உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சில நாட்களுக்கு முன் இங்கே ஓர் ஆள் நின்றிருந்தால் ஒரு மூச்சு விடுவதற்குள் இல்லாமல் போயிருப்பான். அந்தச் சூட்டை, அணையாமல், மனிதர்கள் கட்டிக் காத்திருக்கிறார்கள். அதில் அவள் கணவனும் அந்தச் சத்தக்காரக் குழாயும் உண்டு.

“இதெல்லாம் நம்ம செஞ்சதா சார்?” என்றாள். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

“நம்மதான்” என்று அவரும் மெதுவாகவே சொன்னார்.

பிறகுதான் அவளுடைய பரிசோதனைக் கண் விழித்தது. மார்பளவு உயரத்தில், கண்ணாடிக் குழம்பின் விளிம்பு நின்ற இடத்தில், சுவரைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடியது. யாரோ கரண்டியால் வழித்துத் தின்றதுபோல இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது. புதிதாகக் கட்டியபோது சுவரின் கனமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பது அவளுக்குத் தெரியும்.

பொறியாளர் சின்னச் சுத்தியலால் பள்ளத்தின் முனையில் தட்டினார். மண்சட்டியைத் தட்டியதுபோல மெலிந்த சத்தம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதிலுக்கு யாரோ தட்டினார்கள்.

“யாருப்பா உள்ள? பெரியம்மா இன்னும் உயிரோடதான் இருக்காளா?”

குழாயின் குரல். அதைத் தொடர்ந்து அவள் கணவன் சிரிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சு. உலை ஆட்கள் டீ குடிக்கும் பெஞ்சு. மழைக்காலத்தில் சட்டையைக் கழற்றி அந்தச் சுவரில்தான் காயப் போடுவார்கள். முதுகுவலிக்கு இதமாக இருக்கிறது என்று அவள் கணவன் சாய்ந்துகொள்வதும் அங்கேதான். அவளும் எத்தனையோ நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“எவ்வளவு இருக்கும் சார், இந்த இடத்துல?”

“ரெண்டு விரல் கனம். அங்க பாருங்க, அதுகூட இல்ல.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தேயுதுன்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. வெளிய சூடு கூடும்போதெல்லாம் இன்னொரு ஃபேன் வெச்சோம். ஊதி ஊதிக் குளிர வெச்சதால, ஒண்ணும் ஆகாத மாதிரியே இருந்துச்சு.”

“போன வருஷமே நிறுத்தியிருக்கலாமே.”

“ஆர்டர் இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சம்பளம் நிக்கக்கூடாதுன்னு சங்கத்துல சொன்னீங்க. ரெண்டுமே நிஜந்தானே?”

அவள் பள்ளத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க” என்றார் பொறியாளர். “நம்ம ஒரு உலையால உலகம் குளிராது. ஆனா உலகத்துல இருக்கிற ஒவ்வொரு உலைக்கும் கட்டுற நேரம்னு ஒண்ணு வரும். அங்கயும் யாராவது இதையேதான் கேட்பாங்க. இப்ப எண்ணெய்க்குக் கட்டினா அடுத்த பதினோரு பன்னெண்டு வருஷம் எண்ணெய்தான். நடுவுல நம்ம மனசு மாறலாம், பெரியம்மா மாறமாட்டா.”

வெளியே வந்ததும் அவள் முதலில் பெஞ்சுக்குப் போனாள். “ரெண்டு பேரும் எழுந்திரிங்க” என்றாள். உலைதான் ஆறிவிட்டதே, இப்போது என்ன ஆபத்து என்று கணவன் கேட்டான். அது நியாயமான கேள்விதான். இருந்தாலும் அவர்கள் எழுந்து நகரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் மேலாளர் அறைக்குப் போனது தலையாட்டுவதற்கு அல்ல. புது உலை கட்டலாம், ஆனால் கூடுதல் நாற்பது நாளுக்கு அரைச் சம்பளம் ஆகாது, முக்கால் சம்பளம் வேண்டும் என்றாள். எண்ணெயில் மிச்சமாகப் போவது யார் பைக்குப் போகிறது என்று கேட்டாள். அதுவரை சித்தியை முழு வேகத்தில் ஓட்டி, வேலையை எல்லாருக்கும் முறைவைத்துப் பிரிக்க வேண்டும். மின்சார வேலைக்கு வெளியாட்களை இறக்காமல் உலை ஆட்களுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும். முதலாளியிடம் தொலைபேசியில் பேசிப் பேசி மேலாளரின் காது சிவந்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் வந்தது, ஓட்டெடுப்பில் தேறினால்.

வாசல் கூட்டத்தில் குழாய் அவளைப் பேசவே விடவில்லை.

“அக்கா உலைக்குள்ள போகும்போது சங்கத்து ஆளு. வெளிய வரும்போது ஆபீஸ் ஆளு. உள்ள என்ன போட்டு உருக்குனாங்களோ!”

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு, ஓட்டு அப்புறம், முதலில் பத்துப் பத்துப் பேராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். ஆபீஸ் எழுத்தர்களையும் லாரி ஓட்டுநர்களையும்கூடப் போகச் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க அது நடந்தது. பேசிக்கொண்டே உள்ளே போனவர்கள் பள்ளத்தின் ஆழத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். குழாய் கடைசிக் குழுவில் போனான். உள்ளே அவன் கூரையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றானாம். பிறகு பள்ளத்தைக் கையால் தடவிக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் நின்று, சுவரைத் தட்டினானாம். வெளியே பெஞ்சில் யாரும் இல்லாததால் பதில் வரவில்லை. வந்து கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவன், “என் முதுகைப் பார்த்துச் சொல்லுங்கப்பா, வெந்திருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

அவள் எழுந்தாள்.

“வேலை வேணுமா, காத்தும் தண்ணியும் நல்லா இருக்கணுமான்னு கேட்டா, வேலைதான் வேணும்னு நானும் சொல்லிட்டிருந்தேன். கேள்வியே தப்பு. உலையை நிறுத்தினா நமக்குச் சோறு இல்ல. இப்படியே எரிச்சா சுவரு இல்ல. சுவரு உள்ளதான் தேயுது, வெளிய உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது கதகதப்பா இருக்கும். நாம ஃபேனைப் போட்டுட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டிருந்தோம். ஆத்துத் தண்ணி முற்றத்துக்கு வந்தப்பவும் அதையேதான் சொன்னோம். மாத்திக் கட்டுற நேரம் எப்பவும் கிடைக்காது, இப்ப கிடைச்சிருக்கு. மாத்திக் கட்டுவோம். அந்தக் கஷ்டத்தை ஒருத்தர் தலையில மட்டும் வைக்காம, முதலாளியில இருந்து கூட்டுற அம்மா வரைக்கும் எல்லாரும் பிரிச்சுத் தூக்குவோம். அப்பதான் உலையும் எரியும், ஊரும் இருக்கும்.”

ஒருவர் மட்டும், நாற்பது நாள் ஐம்பது நாளானால் என்ன செய்வது என்று கேட்டார். ஆனாலும் ஆகலாம் என்று அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. பெரும்பாலோர் கை தூக்கினார்கள். முப்பது பேர்போல எதிர்த்தார்கள். தனி ஆளாகச் சம்பாதிப்பவர்கள் அதில் அதிகம். முறைவைத்து வேலை பிரித்தபோது சித்தியில் முதல் வாரம் அவர்களுக்கே கொடுக்கப்பட்டது.

புதிய உலை ஜூன் மாதக் கடைசி வியாழக்கிழமை மூட்டப்பட்டது. சொன்ன நாளைவிட ஒன்பது நாள் தாமதம். பாட்டில் வாங்கிக்கொண்டிருந்த பழச்சாறு நிறுவனம் ஒன்று அதற்குள் வேறிடத்துக்குப் போய்விட்டது, மற்றவர்கள் இருக்கிறார்கள். நான்கு தொழிலாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். வேலையிலிருந்து யாரும் நீக்கப்படவில்லை. எண்ணெய் லாரிகளின் வருகை பாதியாகக் குறைந்திருக்கிறது. சத்தம் முன்பைவிடக் குறைவு என்பதால் மாமியார் இன்னும் காதைக் குடைந்துகொள்கிறார். உலையின் பெயர் பெரியம்மாதான். பெஞ்சைச் சுவரிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறார்கள்.