மூன்றாவது பெயர்

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் தெக்வென், வாளியும் பிரஷ்ஷுமாகக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அவள் புருஷனின் கல்லை வேறொருத்தி தேய்த்துக் கொண்டிருந்தாள். மூத்தாள் மகள் மெரேரிட். கார்டிஃபில் இருக்கிறவள். அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது எட்டிப் பார்க்க நேரமில்லை, கல்லைத் தேய்க்க மட்டும் வந்துவிட்டாள்.

ஊரே அன்று அங்கேதான் இருந்தது. ஞாயிறு விடிவதற்குள் எந்தக் கல்லும் பூவில்லாமல் கிடக்கக் கூடாது. கிடந்தால் அந்தக் குடும்பத்தின் பெயர் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற காலம் வரைக்கும் நாறும்.

தெக்வெனுக்கு அந்தக் கல்லில் ஒரே ஒரு ஆசை. மேலே மூத்தாள் எலுனெட்டின் பெயர், கீழே புருஷன் இத்வாலின் பெயர், அதற்கும் கீழே ஒரு சாண் வெற்றிடம். "அது உனக்கு" என்று இத்வால் சொல்லியிருந்தார். பிள்ளை பெறாதவளுக்கு அது பெரிய சொத்து.

இன்று அந்த இடத்தில் புது எழுத்துகள் மின்னின. பைபிளிலிருந்து ஒரு சங்கீத வசனம், கல்லின் ஓரம் வரை.

"என்னடி இது?"

"வசனம். அப்பாவுக்குப் புடிச்சது."

"உங்கப்பாவுக்குப் புடிச்சது பன்னிக்கறியும் ரக்பியும். வசனத்த அவரு தொட்டு நான் பாக்கல."

"நீங்க பாக்காதது நிறைய இருக்கு. அவரு எங்கம்மா கூடத்தான் இருக்கணும். மூணாவதா ஒரு ஆள் ஏற இது என்ன பஸ்ஸா?"

பக்கத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காதை நீட்டினார்கள். இத்வாலுக்கு மலமும் மூத்திரமும் அள்ளிய கையால் இவள் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று தெக்வெனுக்குத் தோன்றியது. கொடுக்கவில்லை. யூ மரத்தடியில் புல் வெட்டிக் கொண்டிருந்த கோயில் பொறுப்பாளர் கெதினைக் கூப்பிட்டாள்.

"இத்வாலுக்கு இந்தப் பக்கம் எடம் காலியா கெடக்கே, யாருக்காச்சும் சொல்லி வச்சிருக்கா?"

"இல்லியேக்கா. ஏன், அவசரமா?"

"எனக்குன்னு வச்சுக்க. அவரு பக்கத்துலயே படுத்துக்கறேன்."

மெரேரிட் சிரித்தாள். "தாராளமா. தனிக்கல்லு நட்டுக்குங்க. எனக்கென்ன?"

"உனக்குத்தாண்டி எல்லாம். எனக்குப் புள்ள குட்டி கெடையாது. உங்கப்பன் கல்லுக்குப் பூ வச்சுட்டு, ஒட்டினாப்புல இருக்கற என் கல்ல அழுக்கா விட்டுட்டுப் போ, பாக்கலாம். ஊரு யார் மூஞ்சில காறித் துப்புதுன்னு அப்பத் தெரியும். வருஷா வருஷம் முட்டி போட்டு என்னையும் தேய்க்கத்தான் போற."

சுண்ணாம்பு அடித்தவர்களில் ஒருத்தி, யாரையும் பார்க்காமல், "அதானே முறை" என்றாள்.