கடைசி ஊருக்கான கூடாரங்கள்

நிலம் குலுங்கி மலைப்பக்கத்து ஊர்களைச் சாய்த்துப் போட்டிருந்தது. நிவாரண அலுவலகத்துப் பெண் கிடங்கின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, மேலே மூன்று வட்டம் போட்டாள்.

"மொதல்ல பாலத்தடிப் பள்ளிக்கூடம். அடுத்து மைதானம். கடைசியா மலை மேல இருக்கிற ஊரு. கடைசியா இறக்குறத முதல்ல ஏத்துங்க. மேல போற வண்டிய மதியம் வரைக்கும்தான் விடுவாங்க. அப்புறம் கீழ வர்ற வண்டிக்குத்தான் பாதை."

சுமைக்காரர்களின் மேஸ்திரி தலையாட்டினார். தலைதான் ஆடியது, கண் கடைசி வட்டத்தை விட்டு நகரவில்லை. அவருடைய மகள் கைக்குழந்தையோடு அந்த மலையூரில்தான் வெட்டவெளியில் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று போன் வந்துவிட்டது. ஆனால் தலைக்கு மேல் கூரை இல்லை. வானமோ அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேஸ்திரி காலமெல்லாம் வீடு மாற்றுகிறவர்களின் சாமான் ஏற்றியவர். கட்டிலும் பீரோவும் உள்ளே போகும். அடுப்பு, தொட்டில், பால் டின் எல்லாம் கதவோரம் நிற்கும். புது வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பிள்ளை பசியில் அழக்கூடாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. ஆட்கள் அரிசி மூட்டைகளையும் தண்ணீர் கேன்களையும் உள்ளே அடுக்கி முடிக்க, மலையூர்க் கூடாரங்களை மட்டும் அவரே தோளில் சுமந்து வந்து கதவோரம் வைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த லாரி டிரைவர் பின்னால் நின்று பார்த்தான். மேஸ்திரியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

"மாமா, வண்டி அழகா இருக்கு. போட்டோ புடிச்சு மாட்டலாம். மலையூர்க் கூடாரம் ஏன் வாசல்ல நிக்குது?"

"கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கேன் மாப்ள. போனதும் எடுத்துக் குடுத்துடலாம்."

"எங்க போனதும்?"

"பாப்பா ஊருக்கு."

"அதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல கதவத் திறக்கணுமே. பள்ளிக்கூடத்துல அரிசிய எடுக்கணும்னா, இதத்தான் மொதல்ல தரையில இறக்கணும். அவங்களுக்குக் கூடாரம் அடுத்த வண்டியில வருது. மழைக்குப் பயந்து நிக்கிற சனத்துகிட்ட, இது உங்களுக்கு இல்ல, திருப்பி ஏத்துறேன்னு சொல்ல எனக்கு நெஞ்சு வராது. உங்களுக்கு வருமா?"

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கும் வராது. அங்கே நின்றால் முதல் ஆளாகக் கட்டைப் பிரித்துக் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார். பிறகு மகள் நனைய வேண்டியதுதான்.

ஓரமாக உட்கார்ந்து மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, ஊசியும் சணலுமாக எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணத்தான் செல்லம் குடுத்துக் கெடுத்தீங்க. இப்ப லாரியையுமா?" என்றவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "இறக்குங்க. நின்னுகிட்டே இருந்தா கூடாரத்துக்குக் கால் மொளைக்குமா?"

மேஸ்திரி நேராக அலுவலகத்துப் பெண்ணிடம் போனார். "தப்பா ஏத்திட்டேன் தாயி. பிரிச்சு அடுக்கணும். ஆள் வேணும்."

அவள் லாரியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "மேல யாரு இருக்காங்க?"

"பொண்ணு."

அவள் உடனே அடுத்த வண்டி ஆட்களைக் கூப்பிட்டாள். தானும் ஒரு கட்டின் முனையைப் பிடித்தாள். "இந்தத் தடவை உள்ளாற நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே."

கேபினை ஒட்டிக் கூடாரங்களைச் சாய்த்து மேஸ்திரி கயிறு போட்டார். ஊரார் மூட்டைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து அடைய, மகளுடையது கண்ணுக்கு மறைந்தது.

புறப்படும்போது மனைவி பழைய வேட்டித் துணி மூட்டை ஒன்றைக் கொண்டு வந்தாள், பேரப்பிள்ளைக்கு.

"குடு, உள்ள வைக்கிறேன்."

"நீங்க வச்ச லட்சணம் போதும்," என்று தம்பியின் மடியில் போட்டாள்.

மதியம் டிரைவர் போன் செய்தான். "பாதைய மூடுற தடுப்புக் கம்பி நம்ம வண்டி முதுகத் தடவிக்கிட்டுத்தான் இறங்குச்சு மாமா. தாண்டிட்டோம்."

பிறகு மலை மேல் மழை இறங்குவது கிடங்கு வாசலிலிருந்தே தெரிந்தது. மேஸ்திரி எதையோ ஏற்றினார், எதையோ இறக்கினார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கூடாரத்த நீங்கதான கட்டுனீங்க?"

"ஏம்மா, கிழிஞ்சிருச்சா?"

"லாரிக்குள்ள எட்டிப் பாத்தா ஒரே இருட்டு. மாமா இறங்கி வர்றதுக்குள்ள, ஒண்ணும் மிச்சமில்லன்னு எல்லாரும் திரும்பிட்டாங்க. நான்தான் ஏறிப் போய்க் கயிறத் தொட்டுப் பாத்தேன். ஊரே கூடி இழுத்தும் அவுரல. எங்கப்பா முடிச்சு, அவுராதுன்னு சொன்னேன். மாமா கத்தியால அறுத்தாரு."

"நனைஞ்சியா?"

"கொஞ்சம். இப்ப உள்ள இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான். குழந்த தூங்குது, மெதுவா பேசுங்க."

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"என்ன சொல்றா?" மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முடிச்சு அவுரலையாம்."

"அவ கல்யாணத்துக்குக் கட்டுன பெட்டியே அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுல பல்லால கடிச்சாங்க." சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மறுபடி தரையில் கோடு விழுந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்து, "கடைசி ஊரு எது தாயி?" என்று கேட்டார். அந்த ஊருக்கானதை முதலில் தூக்கிக் கேபினோடு சாய்த்தார். ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டு, தானே ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.