அண்ணன் கதிரில் சுருங்கிய மணி

பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அந்தப் பக்கம் அவன் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டான்; இந்தப் பக்கம் அவள் முதல் தடவையாக இனிப்புச் சோளம் போட்டாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு விதைப் பண்ணையில் வேலை பார்த்தவள். கதிருக்குப் பை கட்டுவது, ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் மேல் தட்டிவிடுவது என்று கை பழகியிருந்தது. அதனால் அறுவடையின்போது கடைக்காரர் ஒரு கதிரைக் கடித்துப் பார்த்து முகம் சுளித்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னம்மா இது? ஒரு மணி சர்க்கரை, பக்கத்து மணி வெறும் மாவு!"

வரப்போரக் கதிர்கள் மட்டும்தான் அப்படி. அண்ணன் வயலின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்திருந்தது. மாவு ஓங்கிய குணம். ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், மணி மாவாகிவிடும். இனிப்பு ஒடுங்கிய குணம்; தாய்ச் செடி, தந்தைச் செடி இரண்டும் அதையே கொடுத்தால்தான் தலைகாட்டும்.

அடுத்த போகத்தில் கொஞ்ச நாள் தள்ளி விதைக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்லி அனுப்பினாள். பதிலும் அண்ணி வழியாகவே வந்தது.

"காத்துக்குக் கதவு போடவான்னு கேக்கறாரு. அவர் சோளத்துக்கு ஒண்ணுமே ஆகலையாம், உன்னுதுதான் நோஞ்சானாம்."

அவள் கெட்டுப்போன வரிசைகளை மாட்டுக்குப் போட்டாள்.

அண்ணன் கடை விதை வாங்குகிறவனில்லை. கொழுத்த கதிராகப் பார்த்து எடுத்துவைப்பான். அந்த வருஷம் கொழுத்தவை வரப்போரத்தில்தான் இருந்தன. அதையே விதைத்தான், அறுத்தான், காயப்போட்டான். உருண்டை மணிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிப்போன மணிகள். வழக்கமாக அவனிடம் விதை வாங்குகிறவர் கதிரைத் திருப்பிப் பார்த்தார். "கலப்படம்ப்பா" என்று வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் அந்தக் கதிரோடு வரப்பைத் தாண்டி வந்தான். அவள் களத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் விதையில உன்னுதைக் கலந்தியா?"

"உக்காருண்ணே."

"உக்கார வரல."

அவள் கதிரை வாங்கிப் பார்த்தாள். "கலந்தது நானில்ல, காத்து. போன வருஷமே என் சோளத்து மகரந்தம் உன் வயலுக்கு வந்துடுச்சு. உன்னுது ஓங்கி நின்னதால வெளிய தெரியல, உள்ள பதுங்கியிருந்தது. அந்த மணியத்தான் நீ விதைச்சிருக்க. பதுங்கின இனிப்பு ரெண்டு ஒண்ணாச் சேர்ந்த மணி, காஞ்சா இப்படிச் சுருங்கும்."

அவன் கோபம் சற்று இறங்கியது. "சரி, சுருங்கினதைப் பொறுக்கி எறிஞ்சுட்டா?"

"உருண்டையா இருக்கறதுலயும் சிலது உள்ள வச்சிருக்கும். எதுன்னு பார்த்துச் சொல்ல யாராலயும் ஆகாது."

அவன் தானாகவே மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்தான். அப்பா காலத்திலிருந்து வந்த விதை. அது அவளுக்கும் தெரியும்.

"நான் இனிப்புச் சோளம் போடறதுக்கு முன்னாடி அண்ணியோட தம்பிக்கு விதை குடுத்தியே? அவங்க ஊர்ல யாரும் இனிப்புச் சோளம் போடறதில்ல. அங்க சுத்தமா இருக்கும்."

"அவன்கிட்டயா? அவன் மூஞ்சியில முழிச்சே வருஷமாச்சு."

"என்கிட்டயே வந்துட்ட. அவன்கிட்டப் போறதுக்கென்ன?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் மச்சான் வீட்டுக்குப் போய் ஒரு பை விதையோடு திரும்பினான். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி, அவள் பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் விதைத்தான். அவள் கதிர்களில் அந்த முறை மாவு மணி ஒன்றுகூட இல்லை. தள்ளி விதைத்ததால் அவன் அறுவடை மழையில் மாட்டிக்கொண்டது. நனைந்த கதிர்களைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் வாசலுக்கே வந்து, தெருவே கேட்கும்படி திட்டினான். அவள் அவனுக்கு ஒரு தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தாள்.