முதலாளி அழுத உரை

பதிப்பகத்துக்கு நாவல்கள் மொழிபெயர்த்துக் கொடுப்பவளை முதலாளி ஒருநாள் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசை நிறைய அவர் வெளியிட்ட புத்தகங்கள். அதில் ஒன்றையாவது அவர் பிரித்துப் பார்த்திருப்பார் என்று அந்த அலுவலகத்தில் சத்தியம் செய்ய ஆளில்லை.

"பதிப்பாளர் மாநாட்டுல நான் பேசணும்மா. திருட்டு பிடிஎஃப் நம்ம வயித்துல எப்படி அடிக்குதுன்னு. கேக்கறவன் கண்ணு கலங்கணும். எழுதிக் குடுங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினாள். எழுத எழுதச் சொந்தக் கதை உள்ளே புகுந்துவிட்டது. கப்பல் நாவலில் வரும் ஒரு கயிற்று முடிச்சுக்குப் பேர் தேடித் துறைமுகத்தில் அலைந்தது, காய்ச்சலில் கிடந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் முடித்தது, அந்த நாவல் கடைக்கு வருமுன்னே ஊரார் செல்போனில் ஓசியில் உலாவியது.

மாநாட்டில் அவளும் கணவனும் பின்வரிசையில் இருந்தார்கள். 'எங்கள் மொழிபெயர்ப்பாளர்' என்று அவள் எழுதியிருந்த இடமெல்லாம் 'நான்' ஆகியிருந்தது.

"ஒரு சொல்லுக்காகத் துறைமுகமெல்லாம் அலைந்தவன் நான்!" என்றார் முதலாளி. காரை விட்டு இறங்கி அவர் நாலடி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. "என் மகள் காய்ச்சலில் அனத்த..." குரல் உடைந்தது. கைக்குட்டை வந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

"அவருக்கு ரெண்டும் பையனாச்சே?" என்றான் கணவன்.

மறுநாள் அவள் தன் மூல உரையைத் தன் பேரோடு வலைப்பக்கத்தில் போட்டாள். ஒரு வாரத்துக்குள் பக்கம் காணாமல் போனது. பதிப்புரிமை மீறல் என்று காரணம் சொன்னார்கள். புகார் கொடுத்தது பதிப்பகம்.

நேரே கண்ணாடி அறைக்குப் போனாள்.

"என் எழுத்தை நானே திருடிட்டேனா சார்?"

"கோவப்படாதீங்கம்மா. உரை மாநாட்டு மலர்ல என் பேர்ல அச்சாயிடுச்சு. உரிமை எங்களுது."

"காய்ச்சல்ல கிடந்தது என் பொண்ணு."

"இருக்கட்டுமே. அழுதது நான்தானே?"

கப்பல் நாவலின் இரண்டாம் பாகம் அச்சுக்குக் காத்திருந்தது. கடைசி அத்தியாயங்கள் அவள் பையில் இருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இதைத் தரமாட்டேன் சார்."

"ஒப்பந்தப்படி நீங்க..."

"எந்த ஒப்பந்தம்? கேட்டப்பல்லாம் 'நமக்குள்ள என்னம்மா காகிதம்'னு சிரிச்சீங்களே!"

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால் அசரவும் இல்லை. மிச்ச அத்தியாயங்களைக் கம்ப்யூட்டரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்து ஒரே மதியத்தில் வேலையை முடித்தார். யாரும் ஒருமுறை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. புத்தகம் வந்தது. நடுக்கடலில் புயல் அடிக்க, நங்கூரம் இறக்கவேண்டிய மாலுமிகள் 'தொகுப்பாளினியைக் கடலில் இறக்கினார்கள்.' இங்கிலீஷில் நங்கூரமும் 'ஆங்கர்', டிவி தொகுப்பாளினியும் 'ஆங்கர்'. அடுத்த பக்கத்தில் அவளைச் சங்கிலியோடு மேலே இழுத்தார்கள். வாசகர்கள் அந்தப் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி பயந்துகொண்டே இருந்த திருட்டுக் கூட்டம் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் வேண்டுமே.

அவளுடைய வலைப்பக்கம் திரும்பி வரவில்லை. மூன்று முறை முறையிட்டாள். மூன்று முறையும் வலைத்தளத்தின் பதில் இயந்திரம் நன்றி மட்டும் சொன்னது. இப்போது வேறொரு பதிப்பகத்துக்கு எழுதுகிறாள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு வரி எழுதுவதில்லை. புது முதலாளி முதலில் முகம் சுளித்தாராம். சுளிக்கட்டும்.