அய்யாவுவின் இடது தோள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஆபீஸ் குமாஸ்தாவான வீரசிங்கம் கிராணியாருக்கு இருந்த கிறுக்கு வேறு எவருக்கும் இல்லை. ஊரார் தபால்தலை சேர்த்தால், இவர் பட்டாளத்துச் சட்டையின் தோளில் தைக்கும் துணிச் சின்னங்களைச் சேர்த்தார். பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை ஓய்ந்தபின் தோட்டத்துத் துரைமாரும் அவற்றுக்காக அலைந்தார்கள். அதைக் கண்டு போலி தைக்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். புதுத்துணியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கி, துரைமார் தலையில் கட்டினார்கள்.

எது அசல் என்று கேட்கத் துரைமாரே வீரசிங்கத்தின் வீடு தேடி வருவார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர். சின்னத்தின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். புரட்டிப் போட்டு, வெயில் படாத முதுகில் நிறம் நிற்கிறதா, தையல் பிரித்த ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒரே ஒரு முறை தேத்தண்ணீர்க் கறையில் ஏமாந்திருக்கிறார். அந்த அவமானம் மட்டும் அவருக்கு ஆறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து மாரியாயி என்றொருத்தி வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் கேட்காமல் படியில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துணித்துண்டை நீட்டினாள்.

“இது நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லுங்க, கிராணி ஐயா.”

அவள் புருஷன் அய்யாவு, கிள்ளான் பாதையில் தண்டவாளம் போட்டவன். சண்டைக் காலத்தில் பஸ்ராவில் பட்டாளத்துக்கு ரயில்பாதை போடக் கப்பலேறினான். அதற்குப்பின் ஒரு தகவலும் இல்லை. போன மாசம் துறைமுகத்தில் இறங்கிய ஒருவன் அவள் வீட்டைத் தேடி வந்து, அய்யாவு பஸ்ராவில் காய்ச்சலில் செத்தான், இது அவன் சட்டையில் பிரித்தது என்று கொடுத்து, ஒரு வேளைச் சோறு தின்றுவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்டான்.

“செத்திருந்தா கருமாதி செய்யணும். உசுரோட இருக்கிறவருக்குச் செஞ்சா நானே கொன்ன மாதிரி ஆயிரும். செய்யாம விட்டா...” மாரியாயி குரலைத் தாழ்த்தினாள். “பொழுது சாயுற நேரம் வாசல்ல வந்து நிக்கிறாரு ஐயா. கூப்பிட்டா உள்ள வரமாட்டேங்கிறாரு. அது அவரா, என் நெனப்பான்னு தெரியல.”

நீலத்துணியில் வெள்ளைச் சக்கரம். வீரசிங்கம் அதுவரை கண்ணால் காணாத சின்னம். ஆசை ஆசையாகப் புரட்டினார். பின்பக்க மூலையில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை இருந்தது. அவ்வளவுதான், முகம் சுண்டிவிட்டது.

“போலி. தேத்தண்ணி போட்டுப் பழசாக்கியிருக்கிறாங்கள். இதை வச்சு உன்ர புருஷன் செத்தவன் எண்டு சொல்லேலாது.”

“அப்ப இருக்காரு,” என்றாள் மாரியாயி. அந்த முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தால் கல்லும் இளகும். பொய்த்துணி தனக்கு எதற்கு என்று அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று பொழுது சாயும்போது வீரசிங்கத்தின் வாசற்கேட்டில் ஒருவன் நின்றான். வெயிலில் வெளுத்த காக்கிச் சட்டை. இடது தோளில் மட்டும், எதையோ பிரித்தெடுத்த இடம் சதுரமாக, வெளுக்காமல் இருந்தது. அதை யாரும் போலியாகச் செய்ய முடியாது என்று வீரசிங்கத்துக்குத் தெரியும்.

“ஆரப்பா நிக்கிறது?” என்று எட்டிப்பார்த்த மனைவி குணபூசணி, “ஒருத்தரையும் காணேல்லையே,” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். பேசவில்லை, உள்ளே வரவும் இல்லை. வீரசிங்கம் ஆபீஸ் விட்டுப் பின்சந்து வழியாக வீட்டுக்கு வரத் தொடங்கினார். அப்போதும் அந்தச் சின்னம் போலிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீம்பு பிடித்த மனுஷனுக்கு வேறென்ன வரும்?

ஒரு நாள் குணபூசணி மேசையில் கிடந்த அந்தச் சின்னத்தை அழுக்குத் துணியென்று சவுக்காரம் போட்டுக் கசக்கினாள். கையோடு அவரிடம் கொண்டுவந்தாள். கறை இருந்த மூலை இரத்தமாய்ச் சிவந்திருந்தது.

“சவுக்காரம் பட்டா மஞ்சள்தான் உப்பிடிச் சிவக்கும். பட்டாளத்துத் துணிக்கு ஆரப்பா மஞ்சள் பூசினது?”

வீரசிங்கம் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் நம்மில் யார் உடுத்துவார்கள்? தீபாவளிக்குத் தீபாவளி அவரே வைக்கிறாரே. வெள்ளைக்காரன் கொடுத்த துணியானாலும் புதுசு புதுசுதான் என்று, பஸ்ரா மணலில் உட்கார்ந்து ஒருவன் மஞ்சள் உரசி வைத்துவிட்டுத் தோளில் தைத்திருக்கிறான். எந்தப் போலிக்காரனுக்கும் இது தோன்றாது. தமிழனாய்ப் பிறந்த அவருக்கு அது தேத்தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளே கிள்ளானுக்கு ரயிலேறினார். மாரியாயி வீட்டுக்கு வெள்ளையடித்து, புதுப்பாய் வாங்கி வைத்திருந்தாள்.

“இப்பல்லாம் அவரு வாசலுக்கு வர்றதே இல்ல ஐயா. உசுரோட இருக்கிறவரு எப்படி அப்படி வருவாரு?”

அதற்குமேல் வீரசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் சிவந்ததையும், துணி அசல்தான் என்பதையும் சொன்னார்.

“மஞ்சக் கெழங்கு நான்தான் அவரு மூட்டையில வச்சுக் கட்டினேன்,” என்றாள் மாரியாயி. புதுப்பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். “அப்ப இத்தன நாளா எங்க போயிருந்தாரு?”

“என்ர கேற்றடியில நிண்டவர்.”

“நிப்பாரு. செத்தவர சாகலன்னு சொன்னீங்கல்ல, கேக்க வந்திருக்காரு.” கோபத்தோடு எழுந்து நின்றாள். “எங்களுக்குப் புள்ள இல்ல. உறவுன்னு ஒரு ஆம்பள இங்க இல்ல. நீங்கதான் கொள்ளி வைக்கணும்.”

கூலியாட்கள் குடியிருக்கும் லைனில் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காத யாழ்ப்பாணத்தார் அவர். சொந்தபந்தம் கேள்விப்பட்டால் காறித் துப்பும். இருந்தும் தலையாட்டினார்.

கிள்ளான் ஆற்றங்கரைச் சுடலையில், உடல் கிடைக்காதவருக்குச் செய்வதுபோல, பண்டாரம் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் கட்டி வெள்ளைத்துணி போர்த்தினார். மாரியாயி ஊசியில் நூல் கோத்தாள்.

“எந்தத் தோளுங்க ஐயா?”

“இடது.”

உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத சின்னத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் புல்லோடு சேர்த்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பண்டாரம் கொள்ளியை நீட்டினார்.

“எறந்தவருக்கு நீங்க என்ன மொறைங்க?”

இருந்திருந்தால் அய்யாவுவுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகியிருக்காது. வீரசிங்கத்துக்குப் பென்ஷன் வாங்கும் வயது.

“தம்பி,” என்றார் வீரசிங்கம். புல் பற்றிக்கொண்டதும், இத்தனை வருஷம் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் மாரியாயி அழுதாள்.